தணற்கையன் நாற்பத்தேழு

நாற்பத்தேழாவது இதழில் தணற்கையன் பதினொரு பேரை அடித்தான். மூன்று பேருக்குத் தாடை போனது. ஒருத்தன் இரண்டாம் மாடி ஜன்னலால் வெளியே விழுந்தான். கடைசியில் கடத்தல்காரர்களின் வான் வண்டியை ஓட்டி வந்த சாரதி இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். தணற்கையன் அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போலத் தணற்கையனுடைய கை சிவக்கும். அதுதான் அவனுடைய சக்தி. அடுத்த கட்டத்தில் சாரதியின் வாய் திறந்திருந்தது, மணிக்கட்டிலிருந்து புகை வந்தது. அதற்கடுத்த பக்கத்தில் நாயகன் ஒரு கூரையில் ஏறி நின்று நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரதி என்ன ஆனான் என்று கதை எழுதியவருக்கும் தெரியாது, படம் வரைந்தவருக்கும் தெரியாது.

சஞ்சீவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவில் ஒரு வீட்டு விறாந்தையில் சாரம் உடுத்தபடி இருந்து அதை வாசித்தான்.

புங்குடுதீவில் இருந்துகொண்டு அமெரிக்கச் சூப்பர் ஹீரோக்களுக்கு மதிப்புரை எழுதுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் ஊரிலேயே சிரிப்பார்கள். அதனால் அவன் ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. பகலில் அவன் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் ஓடுகிற பயணிகள் படகில் வேலை செய்தான். கயிறு கட்டுவது, கிழவிகளைக் கைபிடித்து இறக்குவது, திருவிழாக் காலத்தில் இடித்து ஏறுகிறவர்களைத் திட்டுவது. வயது முப்பத்தைந்து. கலியாணம் இல்லை. அமெரிக்காவில் புது இதழ்கள் புதன்கிழமை வெளிவருவதால் தன்னுடைய முகநூல் பக்கத்துக்கு ‘புதன் இதழ்’ என்று பெயர் வைத்திருந்தான். தன் பெயரையோ முகத்தையோ போடவில்லை. நாலாயிரம் பேர் வாசித்தார்கள், அதில் பாதிப்பேர் வெளிநாட்டில். தணற்கையன், கடற்சூறாள், ஏழு காவலர் என்று தமிழ்ப் பெயர்களை வைத்தவனும் அவன்தான்.

மற்றவர்கள் மதிப்புரை எழுதினால் படம் எப்படி, நிறம் எப்படி, கதை எங்கே போகிறது என்று எழுதுவார்கள். சஞ்சீவனும் எழுதுவான், நன்றாகவே எழுதுவான். கடற்சூறாளின் இருபதாம் இதழில் கடலைப் பச்சையாகத் தீட்டியவர் ஒருநாளும் கடலில் நின்றிருக்க மாட்டார் என்று அவன் எழுதியதைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். ஆனால் அவனுடைய பக்கத்துக்கு ஆட்கள் வந்தது கடைசிப் பத்திக்காக. அதன் தலைப்பு ‘அடிபட்டவர்’. அந்த இதழில் யார் யார் அடி வாங்கினார்கள், அந்த அடி உண்மையில் விழுந்திருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை ஒவ்வொரு ஆளாக எழுதுவான். சுவரில் எறியப்பட்ட காவலாளிக்கு இனி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது. அவனை மலசலகூடத்துக்குத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும். ஒரு குத்தில் தாடை விலகியவன் ஆறு வாரத்துக்குக் குழாய் வைத்துக் கஞ்சி குடிப்பான். இப்படி.

அது அவன் புத்தகத்தில் படித்ததல்ல. நயினாதீவுப் படகுக்கு வருவதற்கு முன்பு நாலு வருடம் நெடுந்தீவுப் படகில் நின்றவன். அங்கிருந்து காயக்காரர்களைக் கரைக்குக் கொண்டுவரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் சஞ்சீவன்தான். காணிச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டுப்பட்டவன், தண்ணியடித்துவிட்டுப் புருசன் உதைத்த பெண், கள்ளுக்கடையில் போத்தலால் குத்துப்பட்டவன். அடித்தவன் முகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அடிபட்டவர்களை மடியில் வைத்திருந்தான். அதனால் கதைப் புத்தகத்திலும் அவனுடைய கண் அங்கேதான் போனது.

அந்த வீடு அவனுடையதல்ல. பெரியம்மா இராசேஸ்வரியின் வீடு. சஞ்சீவனுக்கு இரண்டு வயதில் தாய் செல் குண்டு விழுந்து செத்தாள், தகப்பன் வன்னிக்குப் போய்த் திரும்பவில்லை. தாயின் தமக்கை இராசேஸ்வரி அவனை எடுத்து வளர்த்தாள். அவளுடைய கணவர் தென்பகுதியில் கடை வைத்திருந்து நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். சொந்தப் பிள்ளை ஒருவன்தான், ஆரூரன். பதினாலு வயதில் மாமன் ஒருவரோடு கனடாவுக்குப் போனவன், இப்போது முப்பது. நாள் தவறாமல் தாயோடு பேசுவான். மூன்று வருடங்களுக்கு முன் வந்தபோது, வீடியோவில் பேசுவதற்கென்று தன் பழைய தொடுதிரை டேப் ஒன்றைத் தாயிடம் விட்டுவிட்டுப் போனான்.

அந்த டேப்பில் தன்னுடைய சித்திரக்கதைக் கணக்கை மூடாமல் போய்விட்டான் என்பதுதான் சங்கதி. ஸ்காபுரோவில் ஆரூரன் வாங்குகிற ஒவ்வொரு புது இதழும் புங்குடுதீவில் பெரியம்மாவின் தலைமாட்டில் வந்து விழுந்தது. முதலில் சஞ்சீவன் சும்மா தட்டிப் பார்த்தான். பிறகு விடமுடியவில்லை; பக்கங்களைத் தன் போனில் படம்பிடித்து வைத்து இறங்குதுறையிலும் பார்த்தான். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான்; சொன்னால் மூடிவிடுவானோ என்ற பயத்தில் சொல்லாமல் விடுவான்.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு இதழுக்குக் கீழேயும் வாசகர் கருத்துகள் வரும். ஆரூரன் அங்கே ‘ஸ்காபுரோ தணல்’ என்ற பெயரில் எழுதினான். தணற்கையன் என்றால் அவனுக்கு உயிர். முன்கையில் எரிகிற கை ஒன்றைப் பச்சைகூடக் குத்தியிருந்தான். ஒருநாள் அதே ‘ஸ்காபுரோ தணல்’ புதன் இதழ் பக்கத்துக்கும் வந்து, நீர் எழுதுவது விமர்சனமா ஒப்பாரியா என்று கேட்டபோது சஞ்சீவன் விழுந்து விழுந்து சிரித்தான். கேட்கிறவன் யாரென்று சஞ்சீவனுக்குத் தெரிந்தது. பக்கத்தை எழுதுகிறவன் யாரென்று ஆரூரனுக்குத் தெரியவில்லை. இதைவிடப் பெரிய பகிடி வேறு என்ன வேண்டும்?

ஆரூரன் சந்தேகப்பட்டிருக்கலாம். பக்கத்தில் ஒருமுறை குறிகட்டுவான் இறங்குதுறை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் வந்திருந்தது. ஆனால் அவன் நினைத்ததெல்லாம் அங்கே யாரோ ஒரு வாத்தியார் இருக்கிறார் என்றுதான். தன் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற, படகில் கயிறு கட்டுகிற ஒன்றுவிட்ட அண்ணன் இப்படி எழுதுவான் என்பது அவனுடைய மண்டையில் ஏறியிருக்கவே ஏறாது. வெளிநாட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு ஊரில் நிற்கிறவன் எப்போதும் அரை மனிதன்தான்.

நாற்பத்தேழாவது இதழுக்குச் சஞ்சீவன் எழுதியது ஆறு பத்தி. முதல் ஐந்தும் அமைதியானவை. கடைசிப் பத்தியில் மற்றப் பத்துப் பேரையும் விட்டுவிட்டு வான் சாரதியைப் பற்றி மட்டும் எழுதினான். வெந்த மணிக்கட்டில் தோல் எப்படிச் சுருங்கும், விரல்கள் எந்தப் பக்கம் மடங்கி நிற்கும், இனி அவன் எதையெல்லாம் பிடிக்கமாட்டான் என்று. கடைசி வரி இது: ‘கை தூக்கினவனை அடிக்கிறவனை நாங்கள் காடையன் என்போம். நாற்பத்தேழு இதழாக ஒரு காடையனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.’

அதை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்துத் தணற்கையன் ரசிகர்களின் பெரிய குழு ஒன்றில் போட்டார்கள். அங்கே வெட்டுக்குத்து நடக்காத குறை. பாதிப்பேர் இந்தத் தமிழன் சொல்வது சரிதானே என்றார்கள். ஆரூரன் வேலை செய்த இடத்தில் அவனுடைய பச்சையைக் காட்டி, என்னப்பா காடையன் என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். அன்றிரவே ‘ஸ்காபுரோ தணல்’ எழுதினான்: மூன்று நாளுக்குள் அதைத் தூக்காவிட்டால் எழுதுகிற கை இருக்காது.

சஞ்சீவன் அதை எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே பதிலாகப் போட்டான். ‘தம்பி, சோறு ஆறப்போகுது, முதலில் சாப்பிட்டுவிட்டு வாரும். கையைப் பிறகு வெட்டலாம்.’ இருநூறு பேர் சிரித்தார்கள். தீபாவளி அன்றைக்கு வழக்கம்போல ஆரூரன் தாயோடு பேசும்போது டேப்பை வாங்கி, நான்தானடா அந்த வாத்தியார் என்று சொல்லவேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கவேண்டும் என்பது அவனுடைய திட்டம்.

யாழ்ப்பாணத்தில் இப்போது காசு வாங்கிக்கொண்டு வாளால் வெட்டுகிற கோஷ்டிகள் இருக்கின்றன. காணித் தகராறு, காதல் தகராறு, கோயில் நிர்வாகத் தகராறு என்று வெளிநாட்டில் இருந்தே ஆள் சொல்லி வெட்டுவிப்பார்கள். ஆரூரன் யாரையோ பிடித்து, அவர் வேறு யாரையோ பிடித்து, கடைசியில் பக்கத்தின் பெயரும் இறங்குதுறைப் படமும் கோஷ்டி ஒன்றின் ஆறு பெடியன்களின் கையில் போய்ச் சேர்ந்தன. ஆளின் பெயரை அவன் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அவர்கள் குறிகட்டுவானில் வந்து படத்தைக் காட்டி, இந்த இடத்தில் நின்று போனில் பொம்மைப் புத்தகம் பார்க்கிற ஆள் யாரென்று விசாரித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், வேறு யார், எங்கள் சஞ்சீவன்தான் என்று வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். படகு திருத்தத்தில் நின்றதால் சஞ்சீவன் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தான். மூன்று மோட்டார் சைக்கிள்கள் கேற்றை இடித்துக்கொண்டு வந்தன. தலையில் ஹெல்மெட், வாயில் துணி, இலக்கத்தகடுகளில் சேறு. ஒன்றும் கேட்கவில்லை. முதலாமவன் வாளைத் திருப்பித் தட்டையால் அவனுடைய இடது காதில் அடித்தான். கிணற்றுச் சுவரில் தலை மோதியது. காதுக்குள் இரத்தம் சூடாக இறங்கியது, அதோடு அந்தப் பக்கம் கேட்பது நின்றுவிட்டது. விழுந்தவனை வயிற்றில் உதைத்தார்கள். எழும்பப் பார்த்தபோது மற்றவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனால் வாயில் அடித்தான். இரண்டு பல் நாக்கில் வந்தன. துப்பினான்.

முழங்காலில் நிறுத்தினார்கள். சிவப்பு ஹெல்மெட் போட்டவன்தான் தலைவன் போலிருந்தது. அவன் ஒரு கடதாசியை நீட்டி வாசிக்கச் சொன்னான்; இன்னொருவன் கமராவைப் பிடித்தான். தணற்கையன்தான் உண்மையான வீரன், நான் எழுதியதெல்லாம் பொய் என்று அதில் இருந்தது. சாகப்போகிற நேரத்தில் சிரிப்பு வருமா? சஞ்சீவனுக்கு வந்தது. வெட்டுகிறவர்களில் ஒருவனுக்குக்கூடத் தணற்கையன் யாரென்று தெரிந்திருக்காது. பிறகுதான், இதை எழுதி அனுப்பியது யார் என்று விளங்கியது. சிரிப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது. அவன் கடதாசியை வாசித்தான், இரண்டு முறை வாசித்தான், கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

அது போதவில்லை. இரண்டு பேர் அவனுடைய வலக்கையை இழுத்து உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்து அமத்தினார்கள். சிவப்பு ஹெல்மெட் ஒரு கையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு யாரோடோ பேசினான். சஞ்சீவன் அவனுடைய தலை ஆடுவதைத்தான் பார்த்தான், காது இரைந்ததில் என்ன பேச்சென்று கேட்கவில்லை. வாள் வைத்திருந்தவன் மேலே ஓங்கினான்.

இராசேஸ்வரி குசினியிலிருந்து கொள்ளிக்கட்டையோடு வந்தாள். அறுபத்திரண்டு வயது, நீரிழிவு, முழங்கால் நோ. கட்டையால் ஒருவனுடைய முதுகில் அடித்தாள். அவன் உதற, அவள் நிலைதவறிக் கல்லின் மேல், சஞ்சீவனின் கையின் மேல் குறுக்கே விழுந்தாள். வாள் இறங்கிவிட்டது. நனைந்த துணியைக் கல்லில் அடிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழே அவளுடைய வலக்கை தோலில் தொங்கியது. இரண்டாவது வெட்டு அந்தத் தோலையும் எடுத்தது. அது வேண்டுமென்று போட்டதா, கை தானாக ஓங்கியதா தெரியாது. அவள் கத்தினாள். சந்திவரைக்கும் கேட்டது அந்தக் கத்தல், வந்து பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

போகும்போது வீட்டுக்குள் போய் அலுமாரிக் கண்ணாடி, தொலைக்காட்சி, சாமிப்படம் எல்லாவற்றையும் வெட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் இருக்கும். சஞ்சீவன் சாரத்தைக் கிழித்து, படகுக்கட்டுப் போடுகிற மாதிரி முழங்கைக்கு மேலே இறுக்கினான். வெட்டுண்ட கையைக் கழுவித் துணியில் சுற்றினான். அதில் இன்னும் மஞ்சள் கறை இருந்தது, அவள் கறிக்கு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்புலன்ஸ் வந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றியது. வைத்தியர்கள் இரவு முழுக்க நின்றார்கள். கை பொருந்தவில்லை, ஆள் தப்பினாள்.

ஆஸ்பத்திரி நடையில் இருந்தபோது, கிளினிக் கொப்பி இருக்கிறதென்று தூக்கி வந்த பைக்குள் டேப் அடித்தது. ஆரூரனின் முகம். கண்கள் வீங்கியிருந்தன.

“அண்ணை, அது அம்மாவோ?”

கனடாவுக்கு இன்னும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சஞ்சீவன் டேப்பைக் கேட்கிற காதுப் பக்கம் திருப்பினான்.

“எது அம்மாவோ எண்டு கேக்கிறாய்?”

ஆரூரன் அழத் தொடங்கினான். வேலை முடிந்ததற்குச் சாட்சியாக அவனுக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் முதலில் கிணற்றைக் கண்டானாம், பிறகு அண்ணையைக் கண்டானாம், பிறகு அம்மாவைக் கண்டானாம். “எனக்குத் தெரியாதண்ணை. ஆரோ ஒருத்தனெண்டு நினைச்சன்.”

“ஆரோ ஒருத்தனெண்டால் சரியோ?”

அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதேங்கோ என்று ஆரூரன் கெஞ்சினான். சொன்னால் அவள் செத்துப்போவாள் என்றான். சஞ்சீவன் அழைப்பைத் துண்டித்தான்.

ஆனால் அவன் சொல்லியது சஞ்சீவனைப் பிடித்துக்கொண்டது. பெரியம்மாவுக்குக் கை போய்விட்டது. மகனும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்? சொல்லாவிட்டால் வெட்டுவித்தவன் பூமாலையோடு வந்து கட்டிலில் இருப்பான்; அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சொன்னால் தன் குற்றமும் வெளியே வரும். எழுதுகிறவன் தம்பி என்று தெரிந்துகொண்டே, அவன் வெருட்டியபோது சோறு ஆறுகிறது என்று குத்திக்காட்டியவன் யார்? நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பெரியம்மா இன்றைக்கும் இரண்டு கையாலும் மஞ்சள் அரைத்துக்கொண்டிருப்பாள். இருநூறு பேரின் சிரிப்புக்கு ஆசைப்பட்டதுதான் அவனைத் தின்றது. பொலிஸ் வாக்குமூலம் எடுத்தபோது யாரென்று தெரியாது என்றான்.

ஆறாம் நாள் ஆரூரன் வந்து இறங்கினான். நேரே வார்ட்டுக்குப் போய்த் தாயின் காலடியில் விழுந்து கதறினான். பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டியதெல்லாம் அவன்தான். இராசேஸ்வரி வாயைத் திறந்து வாங்குவாள், மெல்லுவாள், விழுங்குவாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. காய்ச்சல், மருந்து மயக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மகனைப் போல வருமா என்று தாதிமார் ஆரூரனைப் புகழ்ந்தபோது சஞ்சீவன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அன்று பின்னேரம் கிணற்றடியில் கல்லைக் கழுவிக்கொண்டு நின்றான் சஞ்சீவன். எத்தனை வாளி ஊற்றினாலும் கல்லின் பொளிவுகளில் கறுப்பு நின்றது. ஆரூரன் வந்து பக்கத்தில் நின்றான். மெதுவாகச் சொன்னான்: “நீங்கள்தான் அந்தப் பக்கம் எழுதுறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இது நடந்திராதண்ணை.”

அது உண்மை. உண்மை என்பதால்தான் சஞ்சீவனால் பொறுக்க முடியவில்லை. வாளியால் அடித்தான். இரும்பு வாளி. முதல் அடியில் ஆரூரனின் புருவம் பிளந்தது. அவன் கிணற்றுக்கட்டோடு சாய, சஞ்சீவன் சட்டையைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினான், எலும்பு நொருங்குவது கையில் தெரிந்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தான். கயிறு இழுத்து இழுத்து ஊறிய கை, அதன் பலம் அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. ஆரூரன் திருப்பி அடிக்கவில்லை. முழங்காலில் எழும்பி, இரத்தம் வழிகிற முகத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கினான். சஞ்சீவன் அந்தக் கைகளைக் கண்டான். கண்டும் அடித்தான். ஒன்றல்ல, மூன்று.

நிறுத்தியது அவனுடைய நல்ல மனமல்ல. உள்ளேயிருந்து பெரியம்மா தண்ணீர் கேட்டாள். அதனால் நிறுத்தினான். வாளியைக் கீழே போட்டான். நாற்பத்தேழாம் இதழில் பிறத்தியானைக் காடையன் என்று எழுதியவனுக்கு அன்று தன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அடித்தது நன்றாகவும் இருந்தது என்பது அதைவிட அருவருப்பு. ஆரூரன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தான் என்று தாய்க்குச் சொன்னார்கள். அவள் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சஞ்சீவனின் விரல் முட்டிகளைப் பார்த்தாள்.

அடுத்தநாள் காலை பொலிஸ் சார்ஜன்ற் குலசிங்கம் ஒரு கொன்ஸ்தாபிளோடு வந்தார். கோஷ்டியில் இரண்டு பேர் அகப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் காசுக்கு எடுத்த ஓடர் என்று ஒப்புக்கொண்டார்களாம், ஆனால் இடையில் இருந்த ஆளைப் பிடிக்க முடியவில்லை, அனுப்பியவன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. விறாந்தையில் இராசேஸ்வரி சாய்மனைக் கதிரையில் இருந்தாள். ஆரூரன் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து இடியப்பம் ஊட்டிக்கொண்டிருந்தான், ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. சஞ்சீவன் தூணோடு நின்றான். சார்ஜன்ற் கொப்பியை விரித்து, வெளிநாட்டில் இருக்கிற எவரோடாவது உங்களுக்குப் பகை உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லச் சஞ்சீவன் வாயைத் திறந்தான். இராசேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“பகை ஒருத்தரோடையும் இல்லை ஐயா. மகன் ஒருத்தன் இருக்கிறான்.”

சார்ஜன்ற் விளங்காமல் ஆரூரனைப் பார்த்தார். ஆரூரனின் கையில் இடியப்பம் அப்படியே நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை. தான் கல்லடியில் கிடந்தபோது சிவப்புத் தொப்பிக்காரனின் ரெலிபோனில் ஒருவன் உரக்கக் கேட்டதாகச் சொன்னாள். வெட்டினது வலக்கையோ, நல்லாய்ப் பாருங்கோ என்று கேட்டானாம். அதைச் சொல்லிவிட்டு மகனின் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு சொல்லிலை நான் உன்ரை குரலைக் கண்டுபிடிச்சிட்டன் அப்பன். நான் அவ்வளவு நேரம் கத்தினனான். உனக்கு விளங்கேல்லை.”

ஐந்து நாளாக யாருடைய கையால் சாப்பிடுகிறாள் என்று தெரிந்துகொண்டே அவள் சாப்பிட்டிருக்கிறாள். ஆரூரன் எழும்பப் பார்த்தான். அவள் இடக்கையை நீட்டி, இடியப்பம் ஒட்டியிருந்த அவனுடைய விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள். பேரை எழுதுங்கோ என்று சார்ஜன்றுக்குச் சொல்லி, மகனின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார்ஜன்ற் எழுந்து வந்து அவனுடைய தோளில் கைவைக்கும் வரைக்கும் அவள் அந்தப் பிடியை விடவில்லை.